படி இல்லாத வீடு

கேள்வி: எனக்கு 44 வயது. பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவள், வீட்டுக்கு ஒரே மகள். நானும் கணவரும் பாழடைந்த பழைய வீடுகளை வாங்கி, அதிலேயே குடியிருந்துகொண்டு புதுப்பித்து விற்கிறோம். அப்பா காலமான பிறகு, 2016-இல் முருகேஷ்பாளையாவில் இருந்த அவருடைய வீட்டை விற்ற பணத்தில் தொடங்கினோம். முதல் வீடு குக் டவுனில். அன்றைக்கு அம்மாதான் குழாயை எல்லாம் திறந்துவிட்டுப் பார்த்து, “தண்ணி நல்லா வருது, எடுங்க” என்றார். நான்கு வீடுகள் முடித்துவிட்டோம். ஐந்தாவதுக்காகப் போன ஞாயிறு மூன்று வீடு பார்த்தோம். மல்லேஸ்வரத்தில் மங்களூர் ஓடும், ஜன்னலுக்கு மேல் சின்னக் கூரை மாதிரி நீளும் மரவேலைப்பாடான ‘மங்கி டாப்’பும் வைத்த வீடு. சிவப்பு ஆக்சைடு தரை கண்ணாடி மாதிரி இருக்கிறது, ஆனால் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. நான்கு பங்காளிகள் கையெழுத்துப் போட வேண்டும். காக்ஸ் டவுனில் மெட்ராஸ் டெரஸ் வீடு, அதாவது மர உத்தரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கூரை. உத்தரங்களில் கரையான். அல்சூரில் சோமேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில் 20-க்கு 30 சைட்டில் சின்ன வீடு. ரோடு போட்டுப் போட்டு உயர்ந்ததில் வாசற்படி புதைந்தே போய்விட்டது. தெருவிலிருந்து அப்படியே உள்ளே நடந்து போகலாம். கணவருக்கு மல்லேஸ்வரம் பிடித்திருக்கிறது, எனக்குக் காக்ஸ் டவுன். அம்மாவை நான்தான் கூட வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். அவருக்கு 72 வயது, முட்டி வலி. படி ஏற முடியாது என்று மூன்று இடத்திலும் காரிலேயே உட்கார்ந்துவிட்டார். இதிலெல்லாம் அவருக்கு ஆர்வமும் இல்லை. எந்த வீட்டை எடுக்கலாம்?

— பெயர் வேண்டாம், பெங்களூரு

பதில்: அல்சூர் வீட்டுக்குத்தான் படியே இல்லையே அம்மா. அங்கேயும் ஏன் காரிலேயே இருந்தார்?

படி புதைந்துவிட்டது என்று எழுதிய அதே கையால், ‘படி ஏற முடியாது என்று மூன்று இடத்திலும்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நாலு வரிதான். எழுதும்போது உறுத்தவில்லையா?

முட்டி வலி பொய் என்று சொல்லவில்லை. 72 வயதில் வலிக்காத முட்டி யாருக்கு இருக்கிறது? ஆனால் கோயில் பக்கத்துச் சந்து, பூக்கடை வாசனை, தெருவோடு தெருவாகத் திறந்து கிடக்கிற வாசல். எந்த வயதான மனுஷிக்கும் ஒரு தடவையாவது எட்டிப் பார்க்கத் தோன்றும். உங்கள் அம்மா பார்க்கவில்லை. ‘ஆர்வம் இல்லை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். குக் டவுனில் குழாய் குழாயாகத் திறந்து பார்த்தது யார்? அன்றைக்கு அவர் தான் குடியிருக்கப்போகிற வீட்டைப் பார்த்தார். ‘எடுங்க’ என்று சொன்னார், நீங்களும் எடுத்தீர்கள். அதை விற்கும்போது அவரைக் கேட்டீர்களா? கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்குப் பிறகு மூன்று வீடு. இந்த ஞாயிறு பார்த்த மூன்றும் அவருக்கு வீடில்லை, உங்கள் வேலை நடக்கிற இடம். அங்கே இறங்கி அவர் என்ன பார்க்க?

வீட்டுக் கணக்கை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கேட்டுவிட்டீர்களே. காக்ஸ் டவுன் வீட்டில் உத்தரத்தின் நடுவைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மெட்ராஸ் டெரஸில் மரம் முதலில் கெடுவது சுவருக்குள் நுழையும் முனையில்தான், ஈரம் அங்கேதான் தங்கும். ஸ்குரூடிரைவரால் அந்த இடத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் முழுக் கூரையும் உங்கள் தலைமேல் வந்த செலவு. மல்லேஸ்வரம் சுவர் சுண்ணாம்புக் காரைச் சுவராக இருந்தால் அதன்மேல் சிமென்ட் பூசாதீர்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியே வர வழி இல்லாமல், வேறிடத்தில் பூத்துக்கொண்டு வரும். நான்கு பங்காளிகளும் சப்-ரிஜிஸ்திரார் முன்னால் வந்து நிற்கும்வரை அட்வான்ஸ் பெரிதாகக் கொடுக்க வேண்டாம். அல்சூர் ரோட்டைவிடப் பள்ளம், மழைக்குத் தெருத் தண்ணீர் உள்ளே வரும். தரையை உயர்த்தினால் கூரை தலையில் இடிக்கும். தொழில் கண்ணுக்கு அது மோசமான வீடுதான். போதுமா?

இப்போது பணத்துக்கு வருவோம். ‘அவருடைய வீட்டை விற்ற பணத்தில்’ என்கிறீர்கள். அப்பா உயில் எழுதவில்லை, அப்போது அப்பாவைப் பெற்ற பாட்டியும் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொண்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு மனைவிக்குப் பாதி, ஒரே மகளுக்குப் பாதி. அப்பா கண் மூடிய அன்றைக்கே அதில் சரிபாதி அம்மா வீடு. விற்ற பத்திரத்தில் அவரும் கையெழுத்துப் போட்டிருப்பாரே? அந்தப் பாதியை உங்கள் கையில் கொடுத்துவிட்டுத்தான் அவர் குக் டவுனுக்கு வந்தார். இந்தப் பத்து வருடத்தில் நான்கு கிரயப் பத்திரம் எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பத்திரத்திலாவது அவர் பெயர் இருக்கிறதா? மாநகராட்சிச் சொத்துப் பதிவான காத்தா யார் பெயரில்? மல்லேஸ்வரத்துப் பங்காளிகள் நான்கு பேரையும் எண்ணத் தெரிந்த உங்களுக்கு, கார் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கும் பங்காளியை எண்ணத் தோன்றவில்லை.

‘நான்தான் கூட வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்’ என்ற வரியை எத்தனை கடிதத்தில் படித்துவிட்டேன்! பெரும்பாலும் மகன்கள் எழுதுவது. அவர்களைத் திட்டித் திட்டி எனக்கு அலுத்துவிட்டது. மகள் எழுதினால் ஊரே உருகும், பெண் பிள்ளைதான் பாசம் என்று. நான் உருக மாட்டேன். 2007-இல் வந்த பெற்றோர் பராமரிப்புச் சட்டத்திலேயே மகனும் மகளும் ஒன்றுதான். அதோடு, வைத்துப் பார்ப்பது என்றால் என்ன? எங்கே வைத்தீர்கள்? தூசு இல்லாத அறை எதுவோ அதில். டைல்ஸ் அறுக்கிற மெஷின் இந்தப் பக்கம் வந்தால் அவர் அந்தப் பக்கம், அந்தப் பக்கம் பட்டி பார்த்தால் அவர் இந்தப் பக்கம். சமையலறை முடியும்வரை வராந்தாவில் ஒற்றை அடுப்பு. கடைசி கோட் பெயின்ட் காய்ந்து, குழாயில் வெந்நீர் வந்து, மனுஷர் இருக்கிற மாதிரி ஆகும்போது புரோக்கர் ஆள் கூட்டிக்கொண்டு வருவார். உங்களுக்கு அது லாபம் கைக்கு வருகிற நாள். அவருக்கு மறுபடி பெட்டி கட்டுகிற நாள். புது மருந்துக்கடை, புது பால்காரர். பக்கத்து வீட்டம்மாவிடம் கறிவேப்பிலை கேட்கிற அளவுக்குப் பழகுவதற்குள் லாரி வந்து நிற்கும். பென்ஷன் வாங்குகிறவராக இருந்தால், வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கும்போது எந்த விலாசத்தைச் சொல்கிறார்?

‘அம்மா ஒரு நாளும் குறை சொன்னதில்லை’ என்று பதில் எழுதப்போகிறீர்கள். எழுதாதீர்கள், தபால்செலவு மிச்சம். தன் பணம், தன் வீடு, தன் மகள் மூன்றும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டவள் வாய் திறந்து என்ன சொல்வாள்? மாப்பிள்ளை காதில் விழாதா? அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டார், காரை விட்டு இறங்காமல். மூன்று தடவை.

என் மாமியார் கடைசி இரண்டு வருஷம் எங்கள் வாடகை வீட்டில் இருந்தார். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னபோது, ‘எனக்குச் சாமான் ஒன்னும் இல்ல, நீங்க பாருங்க’ என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பெரிய மனசு என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது வயது முப்பத்தைந்து, அவ்வளவுதான் புத்தி. உங்களுக்கு நாற்பத்து நாலு.

தொழிலை விடச் சொல்லவில்லை. பாழடைந்த வீட்டை நிமிர்த்துவது நல்ல தொழில், இந்த ஊரில் நல்ல பழைய வீடுகளை இடித்து நாலு மாடி கட்டுகிறவர்களைவிட நீங்கள் எவ்வளவோ மேல். ஆனால் வேலை நடக்கிற வீட்டில் குடியிருக்கும் வழக்கம் இத்தோடு நிற்க வேண்டும். உங்களுக்குச் சேமிப்பு, அம்மாவுக்கு அலைச்சல். இந்த ஐந்தாவது வீட்டை வாங்குவதற்கு முன்னால், முதலிலிருந்து அவருக்குச் சேர வேண்டியதை லாபத்தோடு கணக்குப் பண்ணுங்கள். அந்தப் பணத்துக்கு இரண்டு அறை வருமோ ஒன்றரை அறை வருமோ, தரைத்தளத்தில், அவர் பெயரில், விற்பதற்கில்லாமல். உங்கள் வீட்டுக்காரர் ‘முதல் முடங்கிவிடும்’ என்பார். அது அவர் முதல் இல்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லி எடுபடாது.

வரும் ஞாயிறு வீடு பார்க்கப் போகாதீர்கள். அளவு டேப், புரோக்கர், கணவர் யாரும் வேண்டாம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு முருகேஷ்பாளையாவுக்குப் போய், பழைய தெருவில் காரை நிறுத்துங்கள். இறங்குகிறாரா, யார் வீட்டுக் கதவைத் தட்டுகிறார், அந்தத் தெருவிலோ அடுத்த கிராஸிலோ வாடகைக்கு, விற்பனைக்கு என்று போர்டு எதுவும் தொங்குகிறதா, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். சிவப்பு ஆக்சைடு தரையைப் பற்றி அப்போது பேசலாம்.