பிக்கப் வண்டி: பேஸ் மாடல் போதுமா?

கேள்வி: மேடவாக்கத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன் சப்ளை செய்கிறேன். நடைக்கு 60 கேன். பிக்கப் பார்க்கப் போன இடத்தில் பேஸ் மாடலைக் காட்டவே தயங்குகிறார்கள். டாப் மாடல் ஒரு லட்சம் கூடுதல். அந்தப் பணத்துக்குப் பலன் உண்டா?

பதில்: உங்கள் தொழிலுக்குப் பவர் ஸ்டீயரிங் ஒன்றுதான் பலன். அது பேஸ் மாடலிலேயே இருந்தால் வேறு யோசனை வேண்டாம். இல்லையென்றால் அது வரும் அடுத்த மாடலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். லோடோடு குறுக்குத் தெருவில் நாள் முழுக்க வண்டி திருப்புகிறவருக்கு அது இல்லாமல் முடியாது. பம்ப், பிராக்கெட், ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாம் மாறுவதால் பிறகு பட்டறையில் போட்டுக்கொள்வதும் கட்டுப்படியாகாது.

ஏசியும் கம்பெனியில் போட்டு வந்தால்தான் நல்லது. வெளியே ஒயரிங்கை வெட்டிப் போட்டால் வாரண்டி போய்விடும். ஆனால் வீட்டுக்கு வீடு கதவைத் திறந்து இறங்குகிற வேலையில் கேபின் குளிரவே குளிராது. தினமும் வேலூர், திண்டிவனம் என்று ஓடுகிறவர் தாராளமாக வாங்கலாம். டச் ஸ்கிரீன், ஃபாக் லேம்ப், சீட் கவர் எல்லாம் எப்போது வேண்டுமானாலும் போடக்கூடியவை.

இரண்டு மாடலின் விவரத்தாளையும் பக்கத்தில் வைத்து மொத்த எடை (வண்டியும் லோடும் ஆட்களும் சேர்ந்து இருக்கக்கூடிய உச்ச எடை), டயர் அளவு, பின் ஸ்பிரிங் பட்டைகளின் எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள். மூன்றும் ஒன்று என்றால் அந்த ஒரு லட்சம் முழுவதும் கேபினுக்குள் போகிறது. 11 சதவீத வட்டியில் 4 வருடக் கடன் என்றால் அதற்கு மட்டும் மாத டியூ சுமார் 2,585 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1,24,000 ஆகியிருக்கும்.

நீங்கள் பணம் போடவேண்டிய இடம் பின்னால் இருக்கிறது. டேப் எடுத்துப் போங்கள். கேனின் விட்டம் சுமார் 27 செ.மீ. பாடியின் உள்ளளவு 8 அடிக்கு 5½ அடி என்றால் ஒரு அடுக்கில் 9 x 6 = 54 கேன்தான் நிற்கும். 9 அடி என்றால் 60-ம் ஒரே அடுக்கில் அடங்கிவிடும். எடை, கேனோடு சேர்த்து 1,250 கிலோ. ஓட்டுநர், உதவியாளர், நீங்கள் கட்டும் இரும்புக் கூண்டு எல்லாமே மொத்த எடைக்குள்தான் வரவேண்டும். அதனால் 1,500 கிலோ தாங்கும் பேஸ் மாடல், 1,250 கிலோ தாங்கும் டாப் மாடலைவிட உங்களுக்கு மேல். சிஎன்ஜி என்றால் சிலிண்டரின் எடையும் லோடில் குறையும்.

இறக்கும்போது கேபின் பக்கத்துக் கேன்களை முதலில் காலி செய்யாதீர்கள். பாரமெல்லாம் பின்னால் தங்கினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி தளரும்.

கேள்வி: பெரிய மாடலாக வாங்கினால் பெர்மிட் எடுக்க வேண்டுமாமே?

பதில்: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவே சொல்கிறது. தாண்டினால் தேவை. ஒரே பெயரில் வரும் பிக்கப்பிலேயே சில மாடல்கள் இந்த எல்லைக்கு மேலே போய்விடும். அதற்காகச் சின்ன வண்டி வாங்கி ஓவர்லோடு ஏற்றாதீர்கள். அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் உங்களுடையதே.

கேள்வி: ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது. வண்டிக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். வரி விதிக்கப்படும் வியாபாரத்துக்குச் சரக்கு ஏற்றும் வண்டிக்கு உள்ளீட்டு வரி வரவு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதம். பில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணோடு வரவேண்டும். அந்த வரித்தொகைக்கு வருமான வரியில் தேய்மானமும் காட்டினால் வரவு கிடைக்காது. பில் போடும் முன்பே ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.