மருந்தே கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே, டாக்டர்?

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது, சர்க்கரை நோயாளி. இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி ஐசியூவில் இருந்தபோது, ஆசனவாயில் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள். கார்பபெனம் என்ற வீரியமான ஆன்டிபயாடிக் வகைக்கும் அடங்காத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. கட்டிலில் ஒரு அட்டையை மாட்டி, கையுறையும் கவுனும் போட்டுக்கொண்டுதான் அவரைத் தொட்டார்கள். ஆனால் அதற்கு எந்த மருந்தும் தராமல் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். இப்போது சிறுநீர்க் குழாயுடன் வீட்டில் இருக்கிறார். காய்ச்சல் இல்லை. இணையத்தில் பார்த்தால் 'சூப்பர் பக்', 'எந்த மருந்துக்கும் சாகாது' என்று இருக்கிறது. அம்மாவுக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் மாத்திரை மீதி இருக்கிறது, கொடுக்கலாமா? கைக்குழந்தையை அப்பாவிடம் தரலாமா? மறுபடி எப்போது டெஸ்ட் எடுப்பது? நோயாளிகளின் கிருமிகளை ஏதோ கணக்கெடுப்புக்கு அனுப்புகிறார்களாமே, எங்களைக் கேட்க வேண்டாமா?

பதில்: மாத்திரையைக் கொடுக்காதீர்கள். பாதி மாத்திரை கூட வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன்.

'காப்பாற்ற முடியாது என்று கைகழுவி விட்டார்களோ' என்பதுதான் உங்கள் பயம். எழுதவில்லையே தவிர, கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. அப்படி இல்லை அம்மா. மருந்து தரவேண்டிய நோய் அப்பாவுக்கு இல்லை, அதனால் தரவில்லை. அந்த டாக்டர்கள் செய்தது சரி. அதை உட்கார்ந்து விளக்கிச் சொல்லாமல் அனுப்பியதுதான் தப்பு.

ஐசியூவில் எடுத்த அந்தக் குச்சி, நோயைக் கண்டுபிடிக்க எடுத்தது அல்ல. பல ஆய்வகங்களில் இதற்கென்றே நிறம் காட்டும் தட்டு வைத்திருப்பார்கள். அதிலுள்ள ஊட்டக்கூழில் மருந்து முன்கூட்டியே கலந்திருக்கும். குச்சியை அதில் தேய்த்து ஓர் இரவு வைத்தால், சாதாரணக் குடல் பாக்டீரியாக்கள் முளைக்காது. மறுநாள் காலையில் மருந்தை மீறியவை மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். கிளெப்சியெல்லா என்றால் உலோகம் மாதிரி பளபளக்கும் நீலம், ஈ.கோலை என்ற இன்னொரு குடல் பாக்டீரியா என்றால் இளஞ்சிவப்பு. இந்தக் கிருமி இவர் குடலில் தங்கியிருக்கிறதா என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே அந்தத் தட்டு பதில் சொல்லும். கெடுதல் செய்கிறதா என்பது அதற்குத் தெரியாது. கட்டிலில் அட்டை மாட்டியதும், கையுறை போட்டதும் பக்கத்துக் கட்டில் நோயாளிக்குப் பரவாமல் இருக்கத்தான்.

கிளெப்சியெல்லா குடலில் குடியிருப்பது புதிதல்ல. மருந்துக்கு அடங்காத ரகம் வந்து சேர்ந்ததுதான் புதிது. இப்படிச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு அதனால் நோயே வருவதில்லை. குடலிலிருந்து அதை விரட்ட நம்பத்தகுந்த மருந்து கிடையாது, விரட்ட முயல வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளும் பொதுவாகச் சொல்வதில்லை. சரி, அந்த மீதி மாத்திரையைக் கொடுத்தால் என்ன ஆகும்? கிளெப்சியெல்லாவுக்கு ஒன்றும் ஆகாது. அதற்குப் போட்டியாக இடம் பிடித்து வைத்திருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாகும். காலியான இடத்தில் இது பல்கிப் பெருகும். குடலில் இதன் கை எவ்வளவு ஓங்குகிறதோ, இரத்தத்துக்குள் நுழையும் அபாயமும் அவ்வளவு கூடும். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு நீங்களே அதற்கு வழிவிட்டுக் கொடுப்பீர்கள். வீட்டு அலமாரியில் மீதி மாத்திரை சேர்த்து வைக்கும் பழக்கத்தை எத்தனை முறை கண்டித்தாலும் யாரும் விடுவதாக இல்லை.

இனி வருவதைக் குடும்பத்தில் எல்லோரும் படியுங்கள். இந்தக் கிருமி குடலில் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. சிறுநீர்க் குழாய் வழியாகவோ புண் வழியாகவோ இரத்தத்துக்குப் போனால்தான் ஆபத்து. அப்போது காய்ச்சல் வரும் என்று காத்திருக்காதீர்கள். வயதானவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோயாளிகளுக்கு, காய்ச்சலே இல்லாமல் கிருமி இரத்தத்தில் பரவலாம். சிலருக்கு உடம்பு சில்லிட்டுக்கூடப் போகும். முதலில் மாறுவது பெரும்பாலும் நினைவும் பேச்சும். நேற்று வரை பேரன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவர் இன்று ஆள் தெரியாமல் விழிக்கிறார், பகலிலேயே எழுப்ப எழுப்பத் தூங்கிவிழுகிறார், சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்றால் 'வயசாகிவிட்டது' என்று விடாதீர்கள். சில மணி நேரத்தில் வந்த குழப்பத்துக்கு வயது காரணமல்ல.

உடனே இரண்டு காரியம் செய்யுங்கள். ஒன்று, விரலைக் குத்திச் சர்க்கரை அளவு பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையிலும் இருந்தால் சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டால் காரணம் அதுதான். இரண்டாவது, அவர் அறியாமல் மார்பு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 22 அல்லது அதற்கு மேல் என்றால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே வேண்டாம். அந்த நேரமே அவசரப் பிரிவுக்குப் போங்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் குழப்பம் தெளியவில்லை என்றால் போகத்தான் வேண்டும். உடம்பு தூக்கிப் போடும் குளிர் நடுக்கம் வந்தாலும், பையில் சிறுநீர் இறங்குவது வெகுவாகக் குறைந்தாலும் இதேதான்.

போகும்போது அந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் பார்க்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே சொல்லுங்கள்: "அப்பாவுக்குக் கார்பபெனத்துக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருக்கிறது." ஏனென்றால் கல்ச்சர், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை, முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், அதுவரை டாக்டர் காத்திருக்க மாட்டார், ஓர் ஊசியைத் தொடங்கிவிடுவார். உங்கள் தகவல் இல்லாவிட்டால் வழக்கமான செஃப்ட்ரியாக்சோனோ, மிஞ்சிப் போனால் கார்பபெனம் வகையைச் சேர்ந்த மெரோபெனமோ போடக்கூடும். இரண்டும் வீணாகலாம். அந்தக் குச்சிப் பரிசோதனையால் உங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த லாபம் இதுதான்: முதல் ஊசியே சரியான ஊசியாக இருக்க ஒரு வாய்ப்பு. இரத்தக் கல்ச்சரை ஊசிக்கு முன்னால் எடுத்தார்களா என்றும் கேளுங்கள். வீட்டில் ஏதாவது ஆன்டிபயாடிக் விழுங்கவைத்துக் கூட்டிப்போனால் கல்ச்சரில் கிருமி முளைக்காமலே போகலாம். பிறகு குருட்டு வைத்தியம்தான்.

'எந்த மருந்துக்கும் சாகாது' என்பது இணையத்தின் மிகைப்பேச்சு. உலக சுகாதார நிறுவனம் 2024ல் வெளியிட்ட முன்னுரிமைக் கிருமிகள் பட்டியலில் இது முதல் வரிசையில் இருப்பது உண்மை. எந்தக் கிருமிக்குப் புது மருந்து அவசரமாகத் தேவை என்று ஆராய்ச்சியாளர்களுக்குச் சொல்லும் பட்டியல் அது. அதில் பெயர் இருப்பதை வைத்து உங்கள் அப்பாவின் ஆயுளைக் கணிக்க முடியாது. செஃப்டாசிடைம்-அவிபாக்டம் இருக்கிறது, சில ரகங்களுக்கு அதோடு அஸ்ட்ரியோனாம் சேர்ப்போம், கடைசிக் கையிருப்பாகக் கொலிஸ்டின் இருக்கிறது. இவை எல்லாமே நரம்பு வழி ஏற்றும் மருந்துகள், சிலது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். நோயாக மாறினால் வைத்தியம் கஷ்டம்தான், மறைக்கவில்லை. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்று மன்றாடுகிறேன்.

குழந்தையைத் தாராளமாக மடியில் கொடுங்கள். அப்பாவைத் தனி அறையில் பூட்டி, தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கி வைப்பது அநியாயம். இந்தக் கிருமி காற்றில் பரவாது; மலம், சிறுநீர் பட்ட கை வழியாகப் பரவும். கழிப்பறை போய்வந்ததும், சிறுநீர்ப் பையைக் காலி செய்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். துணிகளை வழக்கம்போல் துவைக்கலாம். குழந்தை குறைமாதத்தில் பிறந்தது, அல்லது எதிர்ப்புச் சக்தி குறைந்தது என்றால் மட்டும் குழந்தை டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

மறு டெஸ்ட் வேண்டாம். இந்த வாரம் இல்லை என்று வரும், அடுத்த வாரம் இருக்கிறது என்று வரும். சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் தங்கும். மீண்டும் எங்காவது அட்மிட் ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கணக்கெடுப்பைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல ஆஸ்பத்திரிகள் தங்கள் நோயாளிகளின் கல்ச்சர் முடிவுகளைத் தொகுத்து, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் கேட்கிறது என்று ஆண்டுதோறும் ஓர் அட்டவணை போடுகின்றன. நள்ளிரவில் கல்ச்சர் முடிவு கையில் இல்லாமல் மருந்து எழுதும் டாக்டருக்கு அதுதான் துணை. அதைப் போடவும் ஒழுங்கு உண்டு. ஒரே நோயாளியிடம் ஒரே கிருமி பத்து முறை முளைத்தாலும் முதல் முறைதான் கணக்கு. ஒரு கிருமிக்கு 30 மாதிரியாவது சேராமல் சதவீதம் போடக்கூடாது. உங்கள் அப்பாவுக்கு எடுத்தது போன்ற குச்சி மாதிரிகளைச் சேர்க்கவே கூடாது. எதிர்ப்புள்ள கிருமியைத் தேடிப்போய் எடுத்ததைச் சேர்த்தால் மருந்து கேட்காதவற்றின் சதவீதம் தாறுமாறாக ஏறிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2015ல் தொடங்கிய 'கிளாஸ்' என்ற கண்காணிப்புக்கு நாடுகள் அனுப்புவதும் வயதுப் பிரிவு, ஆண் பெண், மாதிரியின் வகை என்று தொகுத்த எண்களைத்தான். யாருடைய பெயரும் அதில் போகாது.

நீங்கள் கேட்காத ஒன்று மீதி இருக்கிறது: அந்தச் சிறுநீர்க் குழாய். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி உள்ளே ஏறும் வழி திறந்தே இருக்கிறது. சிறுநீர் கலங்கலாக, வாடையாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கல்ச்சர் கொடுக்காதீர்கள். குழாய் போட்டவர்களுக்குக் கிருமி முளைக்கத்தான் செய்யும், அதைப் பார்த்து யாராவது மருந்து எழுதிவிடுவார்கள். ஆபரேஷன் செய்த டாக்டருக்கு நாளையே போன் செய்து, குழாய் இன்னும் எதற்கு, எந்தத் தேதியில் எடுப்பீர்கள் என்று கேளுங்கள். தேதி சொல்லும்வரை போனை வைக்காதீர்கள்.