ஹோட்டல் பெட்ஷீட், வீட்டு பெட்ஷீட்: கேட்டவர்களுக்கெல்லாம் பதில்

ஹோட்டல், மருத்துவமனைப் படுக்கைத் துணிகளை வாங்குவதும் சலவைக்கு அனுப்புவதும் என் தொழில். கேள்விகள் நிறைய சேர்ந்துவிட்டன, வந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

கேள்வி: இரண்டும் துணிதானே, அப்படி என்ன வித்தியாசம்?

வீட்டுக்கான துணியைப் படுக்கிறவரை மனதில் வைத்துச் செய்கிறார்கள், ஹோட்டலுக்கான துணியைச் சலவைக்கூடத்தை மனதில் வைத்துச் செய்கிறார்கள். மற்ற வித்தியாசமெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. வீட்டில் மிதமான சூட்டில் துவைத்துக் கொடியில் போட்டால் முடிந்தது. ஹோட்டலில் ஆள் மாறும்போதெல்லாம் துவைத்தாக வேண்டும், அதுவும் சுடுநீர், காரமான சோப்பு, ப்ளீச் என்று எல்லாவற்றையும் தாண்டி, கடைசியில் 150 டிகிரிக்கு மேல் கொதிக்கிற இஸ்திரி ரோலருக்குள் ஈரத்தோடு நுழைந்து மறுபக்கம் வர வேண்டும். மருத்துவமனை என்றால் இன்னும் கடுமை: கிருமி சாக 65 டிகிரியில் குறைந்தது 10 நிமிடம், இல்லையென்றால் 71 டிகிரியில் 3 நிமிடம் என்பது பிரிட்டனில் உள்ள கணக்கு. கடையில் தொட்டுப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கும் மெல்லிய சாட்டின் விரிப்பை இதற்குள் போட்டால் சீக்கிரமே பளபளப்பு போய், ஓரம் பிரிந்து வந்துவிடும்.

கேள்வி: 1000 த்ரெட் கவுண்ட் வாங்கியும் அந்த ஹோட்டல் மொடமொடப்பு வரவில்லையே?

வராது. ஹோட்டல்களில் பெரும்பாலும் 200 முதல் 300 வரைதான். த்ரெட் கவுண்ட் என்பது ஒரு சதுர அங்குலத்தில் நெடுக்கும் குறுக்குமாக ஓடும் இழைகளின் எண்ணிக்கை, அந்த இடத்துக்குள் எத்தனை இழையைத்தான் திணிக்க முடியும்? அதனால் இரண்டு மூன்று மெல்லிய புரிகளை முறுக்கி ஒரே இழையாக்கிவிட்டு, ஒவ்வொரு புரியையும் தனித்தனியாக எண்ணி 1000 என்று போடுகிறார்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காத வழக்கம். அந்தத் துணி கனமாக இருக்கும், காய நேரமாகும், சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் தேடும் மொடமொடப்பு பெர்கேல் நெசவில் இருக்கிறது. ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே என்று போகும் சாதாரண நெசவு, அதை நன்றாக இஸ்திரி போட்டால் போதும்.

கேள்வி: ஏன் எல்லாமே வெள்ளை?

ப்ளீச் போடலாம், எல்லாவற்றையும் ஒன்றாகத் துவைக்கலாம், எந்த உறையும் எந்த விரிப்போடும் பொருந்தும். இன்னொரு காரணம், பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்ஸைடு களிம்பு பட்டால் சாயத் துணி அந்த இடத்தில் வெளுத்துவிடும், வெள்ளையில் அது தெரியவே தெரியாது. ஆனால் வெள்ளைக்கும் ஓர் எதிரி உண்டு. மருத்துவமனையில் தோலில் தடவும் குளோர்ஹெக்ஸிடின் பட்ட துணியில் குளோரின் ப்ளீச் போட்டால் பழுப்புக் கறை விழும், அது போகவே போகாது. வீட்டில் யாருக்காவது அந்த மருந்து போட்டுக்கொண்டிருந்தால் தயவுசெய்து அந்தத் துணிக்குக் குளோரின் ப்ளீச் வேண்டாம்.

கேள்வி: ஹோட்டலில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு ஏன் அதிகம் காணோம்?

எலாஸ்டிக் வைத்தால் ரோலரில் தட்டையாகப் போகாது, சூட்டில் ரப்பரும் செத்துவிடும். தட்டை விரிப்பைச் சுலபமாக மடிக்கலாம், அடுக்கலாம். ஹோட்டல் விரிப்பின் ஓரத்தைப் பாருங்கள், சிலவற்றில் மடிப்புத் தையல் மட்டும் நிற நூலில் ஓடும். அது அழகுக்கு இல்லை, அடுக்கி வைத்த குவியலில் எது ஒற்றைக் கட்டிலுக்கு, எது இரட்டைக்கு என்று பிரிக்காமலே தெரிய வேண்டும் அல்லவா, அதற்குத்தான். வீட்டுக்கு எலாஸ்டிக்கே வசதி.

கேள்வி: பாலிகாட்டன் மட்டமா?

இல்லை. பாதிக்குப் பாதி பாலியெஸ்டர் கலந்த துணி சுருங்காது, சீக்கிரம் காயும், அதிகம் உழைக்கும். வியர்க்கிறவர்களுக்கு மட்டும் ஒத்துவராது, நாளாக நாளாக மேலே சின்னச் சின்ன நூல் உருண்டையும் கட்டும். சொந்தக் கட்டிலுக்குப் பருத்திதான் என் சிபாரிசு. பருத்தி முதல் சில சலவைகளில் சுருங்கும், அதனால் மெத்தை அளவுக்குக் கச்சிதமாக வாங்காமல் கொஞ்சம் தாராளமாகவே வாங்குங்கள்.

கேள்வி: மெத்தையையும் ஹோட்டல் வகையில் வாங்கலாமா?

யோசித்து வாங்குங்கள். விருந்தினர் ஓரத்தில் உட்கார்ந்தே பெட்டியைத் திறப்பார், செருப்பு மாட்டுவார் என்பதால் அதன் ஓரங்களை இறுக்கமாகச் செய்வார்கள், தீப்பிடிக்காத தன்மைக்கும் கூடுதல் விதிகள் உண்டு. நடுத்தரமான உறுதி எல்லோருக்கும் சுமாராகப் பொருந்தும், நீங்கள் ஒருக்களித்துப் படுக்கிறவர் என்றால் அது தோளில் அழுத்தலாம். மெத்தையை உங்கள் உடம்புக்குப் பார்த்து எடுங்கள், விரிப்பை மட்டும் ஹோட்டல் வகையில் எடுங்கள்.

கேள்வி: 'ஹோட்டல் தரம்' என்று போட்டிருந்தால் நம்பலாமா?

அந்த வார்த்தையை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெசவு ஒரே சீராக இருக்கிறதா பாருங்கள், ஓரத்தை இரு பக்கமும் இழுத்துத் தையல் விரிகிறதா பாருங்கள், ஒற்றைப்புரி இழையா என்று கேளுங்கள். வாங்கினால் மூன்று செட்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில்.