ஸ்பீக்கர் அட்டையில் போட்டிருக்கும் ‘சென்சிட்டிவிட்டி’ என்றால் என்ன?

ஒரு வாட் சக்தி கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி வைத்து அளந்தால் ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதுதான் சென்சிட்டிவிட்டி. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர்களில் (அலமாரியில் வைக்கும் சின்னப் பெட்டிகள்) பெரும்பாலும் 84 முதல் 89 டெசிபெல் (சத்தத்தை அளக்கும் அலகு) வரை இருக்கும். 3 டெசிபெல் குறைந்தால், அதே சத்தத்துக்கு ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு சக்தி தரவேண்டும். சின்னப் பெட்டியில் ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி) வேண்டுமென்றால் சென்சிட்டிவிட்டியை விட்டுக்கொடுத்துத்தான் ஆகவேண்டும், இயற்பியல் அப்படி. சென்சிட்டிவிட்டி குறைந்த ஸ்பீக்கர் ஈர விறகு மாதிரி: சோறு வேகும், ஆனால் ஊதி ஊதி மூச்சு வாங்கும்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டு ஹாலில் 85 டெசிபெல் ஜோடியைப் பழைய 20 வாட் ஆம்ப்பில் மாட்டினேன். குரல் அருமை, தவில் உச்சத்துக்குப் போனதும் கரகரத்தது. அப்புறம் 88 டெசிபெல் ஜோடி போட்டேன், சரியாகிவிட்டது.

பெட்டியின் பின்னால் ‘100 வாட்’ என்றிருப்பது அது தாங்கும் அளவு, போடும் சத்தத்தின் அளவு அல்ல.