பரம்பரையில் நீரிழிவு இருந்தால் உணவும் நடையும் பயன் தருமா?

கேள்வி: எனக்கு வயது 42, எடை 84 கிலோ. தந்தைக்கு நீரிழிவு, தாய்க்கு உயர் ரத்த அழுத்தம். அண்மையில் வெறும் வயிற்றில் சர்க்கரை 112, ஹெச்.பி.ஏ.1சி 6.0 என வந்தது. நாள் முழுவதும் உட்கார்ந்து பார்க்கும் வேலை. பரம்பரையிலேயே இருக்கும் நோயை உணவாலும் உடற்பயிற்சியாலும் தடுக்க முடியுமா? அல்லது வந்த பிறகு மாத்திரை சாப்பிடுவதுதான் வழியா?

பதில்: பெரும்பாலானோருக்குத் தடுக்கவோ பல ஆண்டுகள் தள்ளிப்போடவோ முடியும். அதற்கு மிக ஏற்ற காலமும் நீங்கள் இப்போது இருக்கும் கட்டம்தான். வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 வரையிலும், சுமார் மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1சி 5.7 முதல் 6.4 வரையிலும் இருந்தால் அதை நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறோம். பெற்றோரிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது நோய்க்கு எளிதில் ஆளாகும் தன்மை. அது நோயாக மாறுமா, எப்போது மாறும் என்பதில் உங்கள் அன்றாடப் பழக்கங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. உங்களைப் போன்ற நிலையில் இருந்த 3,234 பேரிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், எடையில் 7 சதவீதத்தைக் குறைத்து வாரம் 150 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடுவதை இலக்காகக் கொண்ட பிரிவினருக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதமே குறைந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் தொடங்கி ஆறு ஆண்டுகள் இத்தகைய மாற்றங்களைக் கடைப்பிடித்தவர்களை 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அவர்களிடையே மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட இதய, ரத்தக்குழாய் பாதிப்புகளும் குறைவாகவே இருந்தன.

காரணத்தைப் புரிந்துகொண்டால் கடைப்பிடிப்பது எளிதாகும். கல்லீரலில் கொழுப்பு சேரும்போது, ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் ஹார்மோனான இன்சுலினின் கட்டுப்பாட்டைக் கல்லீரல் மீறி, இரவில் நீங்கள் எதுவும் உண்ணாத நேரத்திலும் தேவைக்கு அதிகமான சர்க்கரையை ரத்தத்தில் விடுகிறது. காலையில் வெறும் வயிற்றில் அளவு கூடுவதற்கு இதுவே முக்கியக் காரணம். எடை குறையத் தொடங்கியதும் முதலில் கரைவனவற்றுள் இந்தக் கொழுப்பும் ஒன்று. ஆகவே ஆறு மாதங்களில் சுமார் 6 கிலோ குறைப்பதை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அவசரம் வேண்டாம். உழைக்கும் தசையோ இன்சுலினின் உதவியில்லாமலேயே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் திறன் உடையது. அதனால்தான் சாப்பிட்ட பின் 10 நிமிடம் நடக்கச் சொல்கிறேன். மூன்று வேளை, வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் 150 நிமிடம் ஆகிவிடுகிறது. வேலைக்கு இடையே அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நில்லுங்கள். வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் தேவை.

தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு தவிடு நீக்காத தானியம், மீதிக் கால் பங்கு பருப்பு, மீன், முட்டை போன்ற புரதம் என்று அமைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை சேர்த்த பானங்களை முற்றிலும் நிறுத்துங்கள். பழச்சாறுக்குப் பதில் பழத்தையே கடித்து உண்ணுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கென்று விற்கப்படும் பிஸ்கட்டுகளையும் சத்து மாவுகளையும் நம்பிப் பணம் செலவழிப்பவர்களைப் பார்த்து வருந்துகிறேன். அவை உங்களுக்குத் தேவையே இல்லை.

தாயின் ரத்த அழுத்தத்தை முன்னிட்டு உப்பிலும் கவனம் வேண்டும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பொட்டல உணவுகளில் மறைந்திருப்பதும் இதில் அடங்கும். புகைப்பழக்கம் பற்றி நீங்கள் குறிப்பிடவில்லை. இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன் அதை விடுங்கள்.

இவ்வளவும் செய்தும் சிலருக்கு நீரிழிவு வரத்தான் செய்கிறது. அப்போதும் தாமதமான ஒவ்வோர் ஆண்டும் சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் கிடைத்த பாதுகாப்பு என்பதால், அந்த உழைப்பு வீண் அல்ல. மாத்திரை தேவைப்பட்டால் தயங்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் அளவுகளை உங்கள் கடிதத்தில் காணவில்லை. இந்த மாதமே பார்த்துவிடுங்கள். ஹெச்.பி.ஏ.1சி ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், அதை மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறலோ ஏற்பட்டால், அல்லது அதிக தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை இழப்பு தெரிந்தால், அதுவரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.