நிலாவின் ஓரத்தில் பச்சைக் கோடு

கேள்வி: பூமிக்கு முன்னால் நிலா கடந்து போவதாக நாசா வெளியிட்ட வண்ணப் படத்தைப் பார்த்தேன். நிலாவின் வலது ஓரத்தில் பச்சைக் கோடு தெரிகிறது. நமக்குத் தெரிந்த முயலைக் காணோம். சுற்றிலும் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வெட்டி ஒட்டிய படம் என்று எழுத உங்களுக்கு என்ன தயக்கம்?
- ஒரு வாசகர், தேனி

பதில்: அது வெட்டி ஒட்டியது அல்ல, அதனால்தான் எழுதவில்லை. நீங்கள் குற்றமாகக் காட்டும் பச்சைக் கோடே அந்தப் படத்துக்கு முதல் சாட்சி.

2015 ஜூலை 16 அன்று டிஸ்கவர் விண்கலத்தின் எபிக் கேமரா எடுத்த படம் அது. கலம் இருப்பது சூரியன் இருக்கும் பக்கம், பூமியிலிருந்து சுமார் 16 லட்சம் கி.மீ. தள்ளி. அந்தக் கேமராவின் உணரிக்கு நிறம் தெரியாது, ஒளியின் அளவு மட்டும்தான் தெரியும். ஓசோன், தூசி, மேகம் ஆகியவற்றை அளக்க வந்த கருவி என்பதால், அதன் முன்னால் சுழலும் சக்கரங்களில், குறிப்பிட்ட ஒளியை மட்டும் உள்ளே விடும் 10 வடிகட்டிகள் உண்டு. வண்ணப் படத்துக்கு அவற்றில் மூன்று போதும்: 680 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு, 551 பச்சை, 443 நீலம். ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்து, மூன்றையும் தரையில் ஒன்றாக அடுக்குகிறார்கள்.

கோடு விழுவது இந்த அடுக்கலில்தான். ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் சுமார் 30 விநாடி இடைவெளி. நிலா விநாடிக்கு ஏறத்தாழ 1 கி.மீ. ஓடுகிறது. அடுத்த வடிகட்டி வருவதற்குள் 30 கி.மீ. நகர்ந்துவிடும். அன்று முதலில் எடுத்தது சிவப்பு, கடைசியில் பச்சை. நிலா போன திசை இடமிருந்து வலம். பூமியை வைத்து மூன்றையும் பொருத்தும்போது, வலது ஓரத்தில் பச்சை மட்டும் துருத்தி நிற்கும். இடது ஓரத்தில் சிவப்பும் நீலமும் கசியும். படத்தில் இருப்பதும் அதுதானே?

நம்பாவிட்டால் சோதித்துப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்த பிரதி வேண்டாம். சுருக்கும்போது முதலில் அடிபடுவது நுண்ணிய நிற விவரம்தான். நாசா தளத்தில் உள்ள பெரிய அளவுப் படத்தை இறக்கி, கிம்ப் போன்ற மென்பொருளில் மூன்று நிறத் தடங்களாகப் பிரியுங்கள். பச்சைத் தடத்தை ஒவ்வொரு பிக்சலாக இடப்பக்கம் தள்ளி, நிலாவின் விளிம்பைச் சிவப்புத் தடத்தோடு ஒட்டவையுங்கள். நீலத்தையும் அப்படியே. நிலாவைச் சுற்றிய நிறம் மறையும். அதே நேரத்தில் பூமியின் மேக விளிம்புகளில் நிறம் பிதுங்கும். ஒரே வண்ணப் படத்திலிருந்து வெட்டி ஒட்டிய நிலாவாக இருந்தால், தள்ளுவதற்கு முன் நிறக் கசிவே இருந்திருக்காது.

முயலைக் காணாததும் சரியே. கலம் பார்ப்பது நிலாவின் மறுபக்கத்தை. நாம் முயல் என்பது இந்தப் பக்கத்து எரிமலைக் குழம்பு உறைந்த கருஞ்சமவெளிகள். மறுபக்கத்தில் அவை மிகக் குறைவு. சூரியன் கலத்தின் முதுகுப் பக்கம் இருப்பதால் பள்ளங்களில் நிழலும் விழாது. அதனால்தான் அட்டையில் வெட்டியதுபோல் தட்டையாகத் தெரிகிறது. மங்கலாக இருப்பதற்குக் காரணம், நிலா தன்மேல் விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. பூமி 30 சதவீதம். வெயிலில் பளிச்சிடும் பூமிக்கேற்ற ஒளிப்பதிவு நேரம் மிகக் குறுகியது. அதில் நட்சத்திரம் பதியாது.

எல்லாக் கலமும் இப்படி எடுப்பதில்லை. செவ்வாயைச் சுற்றிய இஸ்ரோவின் மங்கள்யானில் இருந்த வண்ணக் கேமரா 1.27 கிலோதான். நம் கைபேசியில் இருப்பதுபோல உணரியின் ஒவ்வொரு பிக்சல் மேலும் ஒரு நிற வடிகட்டி ஒட்டியிருக்கும். ஒரே சொடுக்கில் வண்ணம் வந்துவிடும். 2014 அக்டோபரில் இஸ்ரோ வெளியிட்ட, 66,275 கி.மீ. உயரத்திலிருந்து எடுத்த படத்தில் செவ்வாய்க்கு முன்னால் அதன் துணைக்கோள் போபோஸ் கடந்தது. ஓட்டத்தால் வரும் நிறக் கசிவுக்கு அங்கே இடமில்லை. ஆனால் சுமார் 22 கி.மீ. அகலமுள்ள அந்தத் துணைக்கோள், அவ்வளவு தூரத்தில் ஏழெட்டு பிக்சலுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு பிக்சலும் ஒரு நிறத்தை மட்டுமே அளந்து, மற்ற இரண்டையும் பக்கத்துப் பிக்சல்களிடமிருந்து கணக்கிட்டு நிரப்புவதால், அத்தனை சிறிய பொருளின் விளிம்பில் நிறம் பிசகலாம். அங்கே போபோஸ் ஒரு கறுப்புப் புள்ளி என்பதை நம்பலாம். அதன் ஓரத்து நிறத்தை நம்ப வேண்டாம்.