கேளுங்க, தேடிப் பாத்து சொல்றேன்

இந்த மாசம் வந்த கடுதாசில பாதிக்கு மேல பழைய போட்டோ சமாச்சாரம்தான், போன தடவ ராயபுரம் ஸ்டேஷன் படத்தைப் பத்தி நாலு வரி எழுதினேன்ல, அதோட வேலை. ஆதார், ரேஷன் கார்டு கேள்வியெல்லாம் அடுத்த மாசம் பாத்துக்கலாம், கோச்சுக்காதீங்க.

கே: எங்க பாட்டியோட கல்யாண போட்டோவ தம்பி ஒரு ஆப்ல போட்டு கலராக்கிட்டான். புடவை கருநீலமா வந்திருக்கு. பெரியம்மா பாத்துட்டு "கல்யாணத்துக்கு எவளாச்சும் கருநீலம் கட்டுவாளா, அது அரக்குடி"ன்னு ஒரே சண்டை. யார் சொல்றது சரிண்ணே?
- வாசகி, தண்டையார்பேட்டை

ப: நான் பெரியம்மா கட்சிம்மா. அந்தக் காலத்து கண்ணாடி பிளேட்டு, ஃபிலிம்ல நெறைய வகைக்கு செவப்பே கண்ணு தெரியாது, நீலம்தான் நல்லா உறைக்கும், அதனால செவப்பா இருக்கறதெல்லாம் பிரிண்ட்ல கறுப்பா விழும், நீலமா இருக்கறது வெளுத்துப்போய் விழும். பழைய படத்துல வானம் துவைச்சு காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளையா இருக்கே, அதுக்கும் இதான் காரணம். எல்லா கலரும் பதியற ஃபிலிம் வந்த பின்னாடியும் ஸ்டுடியோக்காரங்க பழசை லேசுல விடல, ஏன்னா அதை டார்க்ரூம்ல செவப்பு பல்பு போட்டுக்கிட்டே கண்ணால பாத்து கழுவலாம். இப்ப பாட்டியோட நெத்தியப் பெருசு பண்ணிப் பாருங்க. குங்குமம் கறுப்பு சாந்துப்பொட்டு மாதிரி தெரியுதா? அப்ப புடவையும் அதே கதைதான்.

ஆப் பாவம் என்ன பண்ணும், லட்சக்கணக்குல கலர் படத்தைப் பாத்துப் பழகி, இந்த மாதிரி கறுப்புக்கு இந்த கலரா இருக்கலாம்னு குத்துமதிப்பா அடிச்சு விடுது. அது பாட்டி கல்யாணத்துக்கு வந்ததில்ல. பெரியம்மாவும் வந்திருக்க மாட்டாங்கதான், ஆனா அந்தப் புடவைய டிரங்குப் பெட்டில மடிச்சு வெச்சதையாச்சும் பாத்திருப்பாங்கள்ல. கலர் படத்தை குரூப்ல போடுங்க தப்பில்ல, கூடவே கறுப்பு வெள்ளையையும் போடுங்க, பெரியம்மா சொன்னதையும் ஒரு வரி சேத்து போடுங்க. இன்னும் முப்பது வருஷம் கழிச்சு கருநீலந்தான் மிஞ்சும் இல்லன்னா.

கே: தாத்தா போட்டோ ஃபிரேம் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. பிச்சு எடுக்கலாமா?
- வாசகர், காசிமேடு

ப: வேணாம் வேணாம் வேணாம். நம்ம பக்கம் கடல் காத்து, சொவத்துலயே ஈரம் பூத்து நிக்கும். போட்டோ மேல இருக்கறது ஜெலட்டின், ஈரம் பட்டா ஊறி கண்ணாடிய புடிச்சுக்கும், இழுத்தீங்கன்னா தாத்தா முகம் கண்ணாடியோட வரும், உங்க கையில வெறும் காகிதம் இருக்கும். கண்ணாடியோடயே ஃபோன்ல எடுத்துடுங்க. ரூம் லைட்டு, ஃபிளாஷ் ரெண்டையும் அணைச்சிட்டு, வெளிச்சம் சைடுலேருந்து வர்ற மாதிரி ஜன்னல் பக்கத்துல வைங்க. ஒரு கறுப்புத் துணில கேமரா கண்ணுக்கு மட்டும் ஓட்டை போட்டு ஃபோனுக்கு முன்னாடி புடிச்சா உங்க உருவம் கண்ணாடில தெரியாது. நான் கறுப்பு குடைல ஓட்டை போட்டு வீட்ல திட்டு வாங்கினேன், துணியே போதும்.

ஒட்டாத படம்னா வெளிய எடுத்து ஸ்கேனர்ல 600 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு எத்தனை புள்ளிங்கற கணக்கு) போடுங்க, பின்பக்கத்தையும் சேத்து. நெறைய பேர் பின்பக்கத்தை விட்டுடறாங்க, ஸ்டுடியோ முத்திரையும் கையெழுத்தும் அங்கதான் இருக்கும். புதுசா பேர் எழுதணும்னா பால்பாயின்ட் வேணாம், மெத்துனு ஒரு பென்சில்.

கே: "1880ல நம்ம பீச் ரோடு டிராம்"னு ஒரு படம் சுத்துதே, நெஜமா?
- வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

ப: படம் நெஜமா இருக்கலாம், வருஷம் டூப்பு. மெட்ராஸ்ல எலக்ட்ரிக் டிராம் ஓட ஆரம்பிச்சது 1895, நின்னது 1953. டிராம் ஓடுதுன்னா அந்த 58 வருஷத்துக்குள்ளதான் தேடணும். அப்புறம் பின்னாடி என்ன கட்டடம் தெரியுதுன்னு பாருங்க. ஹைகோர்ட்டு 1892, அதோட கோபுரத்து உச்சியில 1894லேருந்து லைட்ஹவுஸ் விளக்கு எரிஞ்சுது, ரிப்பன் பில்டிங் 1913, எது தெரியுதோ படம் அதுக்கு அப்புறம் எடுத்ததுதான். தேடறதுக்கு கூகுள் லென்ஸ்ல போடுங்க, ஒரே படம் நாலு வருஷத்தோட வரும், அதுல மியூசியமோ லைப்ரரியோ போட்டிருக்கறத நம்புங்க, ரோஜாப்பூ குட்மார்னிங் போட்டிருக்கறவர விட்ருங்க.

கே: பழைய மெட்ராஸ் படத்துல தெருவே காலியா இருக்கே, அப்ப ஜனமே இல்லையா?
- மாணவி, பெரம்பூர்

ப: ஜனம் இருந்துச்சுமா, நின்னாதான் பதியும். ஆரம்பகாலத்துல கேமரா மூடிய கழட்டிட்டு ரொம்ப நேரம் தெறந்து வெச்சிருக்கணும், அதுக்குள்ள நடந்து போனவன் காத்தா போயிடுவான், பாதி நேரம் நின்னவன் ஆவி மாதிரி தெரிவான். மாட்டு வண்டில சக்கரம் ஜோரா இருக்கும், மாட்டுக்கு மட்டும் ரெண்டு தலை இருக்கும், வாலாட்டினா வாலே இருக்காது.

இதுல எனக்குப் புடிச்ச ஆளு லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ கேப்டன். மெட்ராஸ் பிரெசிடென்சிக்கே போட்டோகிராபரா போட்டாங்க. கண்ணாடி பிளேட்டுன்னா மருந்து தடவி, ஈரம் காயறதுக்குள்ள படம் எடுத்து, உடனே கழுவணும், நம்ம வெயில்ல அது நடக்கற காரியமா? அவர் மெழுகு ஏத்தின காகிதத்தை நெகட்டிவா வெச்சுக்கிட்டு மதுரை, திருச்சி, தஞ்சாவூர்னு போனாரு. 1858ல தஞ்சாவூர் பெரிய கோயில் அடிச்சுவத்து கல்வெட்ட துண்டு துண்டா எடுத்து, 21 பிரிண்ட ஒட்டி, கிட்டத்தட்ட 19 அடி நீளத்துக்கு ஒரே படமா ஆக்கியிருக்காரு. இப்ப நாம ஃபோன சுத்திக்கிட்டு பனோரமா எடுக்கறோமே, அதை மனுஷன் கத்திரிக்கோலும் பசையும் வெச்சு பண்ணியிருக்காரு. ஒண்ணு தெரியுமா, வானம் வெறும் வெள்ளையா விழுதேன்னு நெகட்டிவ் மேல பெயின்ட்ல மேகமும் வரைஞ்சிருக்காரு. தண்டையார்பேட்டை தம்பி கிட்ட சொல்லுங்க, ஆப் வேலை அப்பவே ஆரம்பிச்சிடுச்சு.

கே: எங்க ஆயா யாரையாச்சும் திட்டினா "சரியான எம்டன்"னு சொல்லும். அந்த கப்பல் சுட்டப்போ எடுத்த போட்டோ இருக்கா?
- வாசகர், ராயபுரம்

ப: ராத்திரில சுட்டாங்கப்பா, சுடறத யாரு எடுக்கறது. 1914 செப்டம்பர் 22, ஜெர்மன் கப்பல், ஹார்பர் பக்கத்துல பர்மா ஆயில் கம்பெனி டாங்கிய கொளுத்திட்டு போயிடுச்சு. மறுநாள் டாங்கி எரிஞ்சு புகை எழும்பற படந்தான் இருக்கு. அந்தக் கப்பலும் ரொம்ப நாள் ஆடல, நவம்பர் 9ல கோகோஸ் தீவு கிட்ட ஆஸ்திரேலியா கப்பல் அடிச்சு ஒக்கார வெச்சிடுச்சு. ஹைகோர்ட்டு மதில்ல குண்டு விழுந்த எடத்துல கல்லு பதிச்சிருக்காங்க, பஸ்ஸுக்கு நிக்கறப்ப பாருங்க.

கே: பழைய தமிழ் புஸ்தகம், பத்திரிகை காசில்லாம எங்க படிக்கலாம்?
- வாசகர், எண்ணூர்

ப: ஃபோன்லயேன்னா தமிழிணையம் மின்னூலகம், அட்டை முதக்கொண்டு ஸ்கேன் பண்ணி வெச்சிருக்காங்க. சங்க இலக்கியம் மாதிரி எழுத்தா வேணும்னா மதுரைத் திட்டம், 1998லேருந்து ஆளாளுக்கு சும்மாவே தட்டச்சு பண்ணிக் குடுத்தது. நேர்ல போகணும்னா தரமணில ரோஜா முத்தையா நூலகம், எண்ணூர்லேருந்து அது ஒரு பயணம்தான், டிபன் கட்டிக்கிட்டு போங்க.

கே: நீங்க கண்டெடுத்ததுலயே பெருசு எது?
- வாசகி, திருவொற்றியூர்

ப: பெருசுல்லாம் இல்லம்மா. 1985ல எரியறதுக்கு முன்னாடி மூர் மார்க்கெட்டுக்கு அப்பா கூட்டிட்டுப் போவாரு, அங்க எட்டணாவுக்கு ஒரு துப்பறியும் கதை வாங்கினேன், அட்டை கெடையாது, மொத ரெண்டு பக்கம் கெடையாது, அதனால எழுதினது யாரு எந்த வருஷம்னு ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்து பிரிச்சா 112ம் பக்கத்துல ஒரு டிராம் டிக்கெட். மெல்லிசா, ஓரம் பழுப்பா, நடுவுல பஞ்ச் பண்ண ஓட்டை. ஆக 1953க்கு முன்னாடி எவரோ டிராம்ல ஒக்காந்து அதைப் படிச்சிருக்காரு. கொலைகாரன் யாருன்னு 120ல வருது, அதுக்குள்ள அவர் ஸ்டாப்பிங் வந்துடுச்சு போல. டிக்கெட் இன்னும் 112லயேதான் இருக்கு, நான் எடுக்கல.